பழைய பிசிய யாருக்காவது குடுக்கணுமா, உள்ள இருக்குற ஃபைல மொதல்ல இப்படி எடுங்க

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், பரண்ல இருந்து இறக்கின உடனே ஆசையா பவர் பட்டன அமுக்கிடாதீங்க. வருஷக்கணக்கா சும்மா கெடந்த எஸ்எம்பிஎஸ்ங்குற பவர் சப்ளை பெட்டி, உள்ள பூரா தூசி, அது போதாதுன்னு 2000 சுத்தி வந்த மதர்போர்டுங்கள்ல மட்டமான கப்பாசிட்டர் (குட்டி டப்பா மாதிரி நிக்கிற பார்ட்) நெறைய, அதெல்லாம் தலை உப்பிப் போய் நிக்கும். உங்க ஃபைல் இருக்குறது ஹார்டு டிஸ்க்ல, அத மட்டும் கழட்டிட்டா மெஷின ஆன் பண்ணாமலே பாதி வேல முடிஞ்சிடும், மெஷின் ஓடுதா இல்லையாங்குறத அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்.

எச்ஏஎல், பிஇஎல், ஐடிஐன்னு பெங்களூர் கவர்மென்ட் கம்பெனிங்கள்ல வேல பாத்து ரிட்டயர் ஆன பெரியவங்க வீடு, அல்சூர் ஆகட்டும் முருகேஷ்பாளையா ஆகட்டும், ஒரு பென்டியம் த்ரீயோ ஃபோரோ துணி போத்தி வச்சிருப்பாங்க. பழைய மெஷின் சேக்குற பசங்க இப்போ பெங்களூர்லயே இருக்காங்க, குடுத்தா கொண்டாடுவாங்க, ஆனா "அதுல அப்பா அடிச்ச லெட்டர் இருக்கு, பாப்பா ஃபோட்டோ இருக்கு"ன்னு சொல்லியே யாரும் குடுக்க மாட்டேங்குறாங்க. அந்த பயத்த தீத்துட்டா மெஷின் தானா கிளம்பிடும்.

கேபினெட்ட தொறக்குறதுக்கு முன்னாடி பவர் கார்ட உருவிடுங்க, உள்ள எந்த கேபிள் எங்க போகுதுன்னு மொபைல்ல நாலு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. டிஸ்க்குக்கு பின்னாடி பட்டையா ஒரு 40 பின் கேபிள் இருந்தா அது ஐடிஇங்குற பழைய மாடல் டிஸ்க், பக்கத்துல நாலு ஓட்ட வச்ச வெள்ள கனெக்டர் பவர். ரெண்டையும் நேரா பிடிச்சு மெதுவா இழுங்க, ஆட்டி ஆட்டி இழுத்தா பின் வளைஞ்சிடும். அப்புறம் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைங்க இருக்குற பெங்களூர் எஸ்பி ரோடு போய் "ஐடிஇ டு யூஎஸ்பி கன்வெர்டர், பவர் அடாப்டரோட"ன்னு கேளுங்க, இதுதான் பழைய டிஸ்க்க இப்போ உள்ள மெஷின்ல யூஎஸ்பில மாட்ட வைக்கும், தமிழ்லயே பேசுற கடைக்காரங்க நெறைய பேர் உண்டு, ஞாயித்துக்கிழமை போய் நிக்காதீங்க, பெரும்பாலும் ஷட்டர் போட்டிருக்கும். அடாப்டர் ஏன் முக்கியம்னா மூணரை இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், யூஎஸ்பில வர்றது 5 வோல்ட்தான். பழைய லேப்டாப் டிஸ்க்னா அதுக்கு 44 பின், கன்வெர்டர்ல அந்த சின்ன சாக்கெட்டும் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

எல்லாம் மாட்டியும் டிஸ்க் தெரியலன்னா பதறாதீங்க, முக்காவாசி நேரம் ஜம்பர்தான் காரணம். டிஸ்க்கோட பின்பக்கம், டேட்டா கேபிள் சாக்கெட்டுக்கும் பவர் சாக்கெட்டுக்கும் நடுவுல அரிசி சைஸ்ல ஒரு பிளாஸ்டிக் தொப்பி ரெண்டு பின்ன சேத்து மாட்டியிருக்கும், அது ஸ்லேவ்ல (ரெண்டாவது டிஸ்க்குங்குற செட்டிங்) இருந்தா சில கன்வெர்டர் கண்டுக்கவே கண்டுக்காது. மேல ஒட்டியிருக்குற லேபிள்லயே படம் போட்டிருப்பான், மாஸ்டருக்கு (மொத டிஸ்க்குங்குற செட்டிங்) மாத்துங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்ல மட்டும் கொஞ்சம் குசும்பு, தனியா ஓடுறதுக்குன்னு வேற செட்டிங், அதுக்கு ஜம்பர கழட்டியே வைக்கணும். டிஸ்க் "டொக் டொக்"னு திரும்பத் திரும்ப தட்டுச்சுன்னா அப்பவே ஆஃப் பண்ணிட்டு ரெகவரி பண்றவங்ககிட்ட குடுங்க, ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் இருக்குறதும் போயிடும்.

மாட்டின உடனே சில நேரம் விண்டோஸ் "டிஸ்க்க ஃபார்மட் பண்ணட்டுமா"ன்னு கேக்கும், இல்ல "ஏதோ பிரச்சன, சரி பண்ணட்டுமா"ன்னு கேக்கும். ரெண்டுக்கும் கேன்சல், வேற எதையும் தொடாதீங்க. என்னைக் கேட்டா விண்டோஸ்ல மாட்டவே வேணாம், ஒரு லினக்ஸ் லைவ் யூஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே ஓடுறது) பூட் பண்ணி ஜிஎன்யு டிடிரெஸ்க்யூங்குற ஃப்ரீ காப்பி டூல் வச்சு மொத்த டிஸ்க்கையும் அப்படியே ஒரே இமேஜ் ஃபைலா எடுத்துடுங்க. படிக்க வர்றத மொதல்ல எடுத்துட்டு அடம் பிடிக்கிற இடத்துக்கு கடைசியா திரும்பி வரும், மேப் ஃபைல்னு ஒண்ணு குடுத்துட்டா நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். எதுல இருந்து எதுக்குங்குறத மட்டும் ரெண்டு தடவ சைஸ் பாத்து கன்ஃபார்ம் பண்ணிக்கோங்க, மாத்திக் குடுத்தா பழைய டிஸ்க் மேலயே எழுதிடும். அந்தக் காலத்து டிஸ்க் 20 ஜிபி, 40 ஜிபி, இன்னைக்கு அது ஒரு பென்டிரைவ்ல அடங்குற சமாச்சாரம், அப்புறம் எத எடுக்குறது எத விடுறதுன்னு உக்காந்து பொறுக்குறதுல அர்த்தமே இல்ல.

ஏன் முழு இமேஜ்ங்குறேன்னா, எல்லாரும் மை டாக்குமென்ட்ஸ காப்பி பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க. விண்டோஸ் 98ல டெஸ்க்டாப்ல வச்ச ஃபைல் எல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள டெஸ்க்டாப்ங்குற ஃபோல்டர்ல இருக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில் அதே விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள அப்ளிகேஷன் டேட்டா, அதுக்குள்ள ஐடென்டிட்டீஸ்னு போய் டிபிஎக்ஸ் ஃபைலா ஒளிஞ்சிருக்கும், அன்டிபிஎக்ஸ்னு ஒரு ஃப்ரீ டூல் அத தனித்தனி மெயிலா பிரிச்சுக் குடுக்கும். கடை வச்சிருந்தவங்கன்னா டேலி கணக்கு சி டிரைவ்லயே நேரா ஒரு ஃபோல்டர்ல கெடக்கும், டி டிரைவ்ல என்ன இருக்குன்னு வீட்டுல யாருக்குமே ஞாபகம் இருக்காது.

இப்போ நம்மாளுங்களுக்குன்னே ஒரு விஷயம், இத யாரும் சொல்றதில்ல. விண்டோஸ் 98ல தமிழ் யூனிகோட் (எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியுற எழுத்து முறை) கெடையாது, லதா ஃபான்ட்டோட அது வந்ததே விண்டோஸ் 2000ல இருந்துதான். அதுக்கு முன்னாடி பாமினி, ஸ்ரீலிபி, வானவில், முரசு அஞ்சல்னு ஆளாளுக்கு ஒரு ஃபான்ட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு என்கோடிங், அதாவது எந்த எழுத்துக்கு எந்த நம்பர்ங்குற கணக்கு. 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுல டாம், டாப்னு ரெண்டு ஸ்டாண்டர்ட் கொண்டு வந்தாங்க, அதுக்குள்ள ஜனங்க கையில என்ன இருந்துச்சோ அதுல அடிச்சு முடிச்சிட்டாங்க. விளைவு என்னன்னா, அப்பா அடிச்ச லெட்டர இன்னைக்கு வேர்ட்ல தொறந்தா பாமினி ஃபைல் இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும் கலந்த குப்பையா தெரியும், டிஸ்கின்னு (TSCII) இன்னொரு என்கோடிங்ல இருக்குற ஃபைல் தலைல கொம்பு வச்ச ஐரோப்பிய எழுத்தா தெரியும். ஃபைல் கெட்டுப் போச்சுன்னு டிலீட் பண்ணிடாதீங்க, ஒண்ணும் கெடல. பழைய டிஸ்க்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு இருக்குறத முழுசா எடுத்து வைங்க, எந்த ஃபான்ட்ல அடிச்சாங்கன்னு கண்டுபிடிக்க அது ஒரு நல்ல தடயம். அந்த ஃபான்ட்ட இப்போ உள்ள மெஷின்ல போட்டா லெட்டர் அப்படியே கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்கும். அப்புறம் என்எச்எம் கன்வெர்டர்ங்குற சாஃப்ட்வேர்ல டெக்ஸ்ட்ட ஒட்டி என்கோடிங்க தேர்ந்தெடுத்தா யூனிகோடா மாத்திக் குடுக்கும். ஒரிஜினல தொடாம மாத்தினத தனி ஃபைலா சேவ் பண்ணுங்க, பாமினி மாதிரி ஃபான்ட்டுன்னா கன்வெர்ட் ஆகும்போது நடுவுல போட்ட இங்கிலீஷ் வார்த்த எல்லாம் தமிழ்க் கோலம் ஆகிடும், அத கையால சரி பண்ணணும். கல்யாணப் பத்திரிகை, அழைப்பிதழ்னு பேஜ்மேக்கர்ங்குற டிசைன் சாஃப்ட்வேர்ல போட்டது இருந்தா லிப்ரேஆஃபிஸ் டிரால தொறந்து பாருங்க, அச்சு அசலா வராது, விஷயம் கெடச்சிடும்.

சிடி டிரைவுக்குள்ள ஏதாவது மாட்டியிருக்கான்னும் பாருங்க. முன்பக்கம் குண்டூசி அளவுக்கு ஒரு ஓட்ட இருக்கும், ஜெம் கிளிப்ப நீட்டி உள்ள அமுக்கினா கரண்ட் இல்லாமலே டிரே வெளிய வரும். கல்யாண விசிடி இருந்தா எம்பெக்ஏவிங்குற ஃபோல்டர்ல இருக்குற .DAT ஃபைல காப்பி பண்ணுங்க, விஎல்சில ஓடும். ஃப்ளாப்பிக்கு யூஎஸ்பி டிரைவ் கெடைக்குது, வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்ட இருக்கான்னு கேட்டுப் பாருங்க, ஒரு நாள் வேலைக்கு எதுக்கு காசு.

இமேஜ் எடுத்தாச்சா, 7-ஜிப்ல தொறந்து நாலு ஃபோட்டோ, நாலு லெட்டர் வெளிய எடுத்துப் பாருங்க. ரெண்டு வேற வேற இடத்துல காப்பி வைங்க, ஒண்ணு தம்பி வீட்டுலயோ அக்கா வீட்டுலயோ இருந்தா இன்னும் நல்லது. பொறுமை இருந்தா 86பாக்ஸ்னு ஒரு எமுலேட்டர்ல (பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர்) அதே இமேஜ பூட் பண்ணுங்க, அதே வால்பேப்பரோட பழைய விண்டோஸ் எந்திரிக்கும், டிரைவர் கேட்டு கொஞ்சம் தொல்ல பண்ணும்.

இதெல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் அழிக்கிற வேல. குயிக் ஃபார்மட் பண்ணா அழியாது, அது வெறும் பட்டியலத்தான் கிழிக்குது. என்வைப் இல்லன்னா ஷ்ரெட்ஓஎஸ்ங்குற அழிக்கிற டூல் வச்சு முழு டிஸ்க்லயும் ஒரு தடவ பூஜ்யம் எழுதினா போதும், ஏழு தடவ முப்பத்தஞ்சு தடவன்னு சொல்றதெல்லாம் இந்த டிஸ்க்குக்குத் தேவையில்லாத வெட்டி வேல. பேங்க் விவரம், ஆபீஸ் ஃபைல் இருந்து மனசு ஒப்பலன்னா டிஸ்க்க நீங்களே வச்சுக்கிட்டு அதுக்கு பதிலா சிஎஃப் கார்டும் (பழைய கேமரால போடுற மெமரி கார்டு) ஐடிஇ அடாப்டரும் போட்டுக் குடுங்க, ரெட்ரோ பசங்களுக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

மெஷின்ல செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தூசிய மொட்டை மாடில வச்சு ஊதுங்க, காத்தாடிய விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க. காசு மாதிரி இருக்குற சிஆர்2032 பேட்டரி புதுசு போடுங்க, 386, 486 காலத்து போர்டுன்னா பீப்பா மாதிரி ஒரு பேட்டரி சால்டர் பண்ணியிருக்கும், அது ஒழுகி போர்ட தின்னுடும், வாங்குறவர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க. பயாஸ் பாஸ்வேர்ட் எடுத்துடுங்க. டிரைவர் சிடி, மதர்போர்டு புக்கு, உருண்ட போட்ட மவுஸ், மஞ்சளாப் போன கீபோர்டு எதையும் தூக்கிப் போடாதீங்க, அதுக்காகத்தான் அவங்க வர்றாங்க. விண்டோஸ் கீ ஸ்டிக்கர கிழிக்காதீங்க, உங்க பேரும் ஃபோன் நம்பரும் எழுதின கடைக்காரர் ஸ்டிக்கர மட்டும் உரிச்சிடுங்க.

யாருக்கும் வேணாம்னா குப்ப வண்டிலயோ தெருவுல வர்ற பழைய சாமான்காரர்கிட்டயோ போடாதீங்க, ரெஜிஸ்டர் பண்ண இ-வேஸ்ட் ரீசைக்கிளர்கிட்ட குடுங்க. முக்கியமா பழைய குண்டு மானிட்டர், கண்ணாடில ஈயம் இருக்கு, உள்ள ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிக்கும், பின்னாடி மூடிய தொறக்கவே கூடாது. குடுக்குறதா இருந்தா கொரியர் வேணாம், நேர்ல வந்து எடுத்துக்கச் சொல்லுங்க, வெயிட் பூரா முன்பக்கம்தான், அதனால ஆட்டோல வைக்கும்போது சீட்ல ஒரு தலகாணி போட்டு ஸ்க்ரீன் கீழ பாக்குற மாதிரி வைங்க, நம்ம ஊர் ரோட்டு பள்ளத்துக்கு அப்படித்தான் தாங்கும்.