உடைந்து வந்த பொருளுக்கு எவ்வளவு கேட்கலாம்? ஆன்லைனில் வாங்குபவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

ஆன்லைனில் வாங்கிய டேபிள் டாப் கிரைண்டர், வெளிப்பாடியில் விரிசலோடு வந்து சேர்கிறது. புகார் கொடுத்த மறுநாள் விற்பனையாளரிடமிருந்து மெசேஜ்: "பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மேடம், 300 ரூபாய் ரீஃபண்ட் போட்டுவிடுகிறோம்." அவ்வளவு கனமான சாமானை மறுபடி பேக் செய்து, பிக்கப் ஆள் வரும்வரை வீட்டிலேயே காத்துக் கிடக்க வேண்டுமே என்ற அலுப்பில், வந்தவரை லாபம் என்று பலரும் ஓகே போட்டுவிடுகிறார்கள். அந்த 300 எப்படி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

விற்பனையாளர் பக்கம் இருந்து பார்த்தால் புரியும். பொருளைத் திரும்ப எடுத்தால் கொரியர் செலவு அவர் தலையில் விழும். உடைந்த பொருளை முழு விலைக்கு இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. அந்த நட்டத்தைவிடக் குறைவாக ஏதோ ஒரு தொகையைச் சொல்லிப் பார்க்கிறார். உங்களுக்கு என்ன நட்டம் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். போடாமலே பேச உட்கார்வதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

பேச ஆரம்பிக்கும் முன்பே கெடுவது

பெட்டியைத் தூக்கிப் போடுவது. பொருள் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் அட்டைப்பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். பெட்டியில் ஒட்டிய லேபிளில்தான் கொரியர் எண், ஆர்டர் எண், சில சமயம் எடைகூட இருக்கும். உள்ளே வேறு பொருள் வந்திருந்தாலோ, பாதி சாமான் இல்லாவிட்டாலோ அந்த எடை உங்களுக்குச் சாட்சி. பேச்சு முடியும்வரை பெட்டி, தெர்மோகோல், லேபிள் எல்லாம் பரண்மேல் இருக்கட்டும்.

பிரிக்கும்போது வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தெரிந்து எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் பல விற்பனையாளர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், எடுத்து வைப்பதில் நமக்கும் நட்டமில்லை. சீல் பிரியாத பெட்டியின் லேபிளில் தொடங்கி, இடையில் வெட்டாமல், சேதம் தெரியும் வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். அப்புறம் படங்கள்: தூரத்தில் இருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, பொருளின் சீரியல் எண் தெரிய ஒன்று.

இன்னொன்று, சின்ன விரிசல்தானே என்று பசை போட்டு ஒட்டிவிட்டுப் புகார் செய்வது. அல்லது ஓடுகிறதா என்று ஒருமுறை மாவு ஆட்டிப் பார்த்துவிட்டுப் புகார் செய்வது. இரண்டுமே "நீங்கள் பயன்படுத்தியபோது உடைந்தது" என்ற பதிலை அவர்கள் கையில் கொடுத்துவிடும்.

பெட்டியைப் பிரித்துக் காட்டித் தரும் ஓபன் பாக்ஸ் டெலிவரியாக இருந்தால், டெலிவரி ஆள் அவசரப்படுத்துகிறார் என்று ஓடிபியை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவருக்கு இன்னும் நாற்பது வீடு இருக்கலாம், பாவம்தான். ஆனால் ஓடிபி சொன்னால் பொருள் நன்றாக இருப்பதாக நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே பதிவாகும்.

ரிட்டர்ன் காலமும் அப்படித்தான். பொருளுக்குப் பொருள் மாறும். 7 நாள், 10 நாள், சிலவற்றுக்கு மாற்றித் தருவது மட்டும். ஊருக்குப் போய்விட்டு வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அதற்குள் ஆப்பில் ரிட்டர்ன் பட்டனே மறைந்திருக்கும். கஸ்டமர் கேரில் போனில் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம், ஆப்பிலோ மெயிலிலோ பதிவாகிப் புகாருக்கான டிக்கெட் எண் வர வேண்டும். பட்டன் மறைந்ததால் உரிமையே போய்விட்டது என்று ஒதுங்குவதும் தவறுதான். குறைபாடுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 'நோ ரிட்டர்ன்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த விதி இல்லாமல் போகாது.

எந்தச் சேதத்துக்குப் பேரமே பேசக் கூடாது

கிரைண்டரின் உருளைக் கல்லில் சில்லு பெயர்ந்திருக்கிறதா? 300 என்ன, 1,000 கொடுத்தாலும் வேண்டாம். கல் துணுக்கு மாவோடு வயிற்றுக்குள் போகும். மோட்டார் பக்கத்தில் விரிசல், ஒயர் வெளியே தெரிவது, கேஸ் அடுப்பின் கண்ணாடியில் கீறல், மூடி வளைந்த குக்கர், பேட்டரி உப்பிய போன்: இவை எல்லாவற்றுக்கும் மாற்றுப் பொருள் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றுதான். தள்ளுபடியில் கிடைத்ததே என்று வைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

பகுதி ரீஃபண்டுக்கு ஒத்துவருவது இரண்டு வகைச் சேதம். பார்வைக்கு அசிங்கமாக இருந்தாலும் வேலைக்குக் குறையில்லாதது ஒன்று. ஒரு பாகத்தை மாற்றினால் சரியாகிவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் கணக்கு வேறு.

தொகைக்கு ஒரு காரணம் வேண்டும்

பாகம் மாற்றுவதென்றால் கணக்கு எளிது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் படத்தைக் காட்டி எஸ்டிமேட் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், ஆனால் எழுத்தில் வேண்டும். பாகத்தின் விலை, மாற்றும் கூலி, தூக்கிக்கொண்டு போய் வர ஆகும் ஆட்டோ செலவு. மூன்றையும் கூட்டினால் உங்கள் தொகை.

டென்ட், கீறல் மாதிரியானவற்றுக்கு எஸ்டிமேட் கிடைக்காது. பக்கவாட்டில் அமுங்கிய ஃபிரிட்ஜுக்கு யாரும் கதவை மாற்றப் போவதில்லை. இதே மாடல், டென்டோடு, ஓபன் பாக்ஸ் பொருளாக, அதாவது பெட்டி பிரித்த பொருளாக, என்ன விலைக்கு விற்கிறது என்று தேடிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நட்டம். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கணக்கு இல்லை. உறுதி சொன்ன தரத்தில் பொருள் இல்லாவிட்டால் வாங்கியவர் விலையைக் குறைக்கக் கேட்கலாம் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, 59-ஆம் பிரிவில் இருக்கிறது.

இனி எழுதுவது. சும்மா ஓர் உதாரணத்துக்கு:

"இந்த எண்ணுள்ள ஆர்டரில் 12-ஆம் தேதி வந்த கிரைண்டரின் வெளிப்பாடியில், இடப்பக்கம் 9 செ.மீ. விரிசல் இருக்கிறது. படங்களும் வீடியோவும் இணைத்திருக்கிறேன். வெளிப்பாடியை மாற்ற சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 1,150 ரூபாய், அதுவும் இணைப்பில். கொண்டுபோய் வர ஆட்டோ 250. மொத்தம் 1,400 ரூபாயை, நான் பணம் கட்டிய அதே கணக்கில் திருப்பித் தாருங்கள். முடியாவிட்டால் பொருளை மாற்றித் தாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும்."

இதில் திட்டு இல்லை, புலம்பல் இல்லை. படிப்பவர் அப்படியே மேலதிகாரிக்கு ஃபார்வர்ட் செய்யலாம். கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவரிடம் பெரும்பாலும் சின்னத் தொகைக்கு மட்டுமே அதிகாரம் இருக்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் மேலே காட்ட அவருக்கு ஒரு காகிதம் தேவை. அதை நீங்களே தயாராகக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இங்கே நம்மவர்களுக்கே உரிய ஒரு பழக்கம் காலை வாரும். "நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்கள்." காய்கறிக் கடையில், தெரிந்த முகத்திடம் இது நன்றாகவே வேலை செய்யும். அடுத்த முறையும் நீங்கள் அங்கேதான் வருவீர்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும். சாட் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. "1,000 முதல் 1,500 வரை கிடைத்தால் சரி" என்று சொல்வதும் அதேதான். 1,000 மட்டும்தான் அவர் காதில் விழும்.

நேர் எதிராகச் செய்பவர்களும் உண்டு. 5,000 ரூபாய்ப் பொருளுக்கு, எடுத்த எடுப்பிலேயே "மன உளைச்சலுக்கு ஒரு லட்சம், இல்லாவிட்டால் கோர்ட்டில் பார்க்கலாம்" என்று சாட்டில் எழுதுவது. மன உளைச்சலுக்கு இழப்பீடு தர நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, சாட்டில் இருப்பவருக்குக் கிடையாது. அவர் ஒரு ரெடிமேட் மன்னிப்பை ஒட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

ஓகே சொல்வதற்கு முன்

கூப்பன் பணம் இல்லை. "500 ரூபாய் கூப்பன்" என்பார்கள். 2,500-க்கு மேல் வாங்கினால்தான் செல்லும், மாதக் கடைசியில் காலாவதி ஆகும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். பணமாகத்தான் வேண்டும் என்று முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள். ஈஎம்ஐயில் வாங்கியிருந்தால், ரீஃபண்ட் வந்தபின் தவணை என்ன ஆகும் என்று வங்கியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"ஓகே" என்று நீங்கள் போட்டதும் டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாரன்டி முழுதாகத் தொடருமா? இன்னும் கண்ணில் படாத சேதம் பின்னால் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? பாடி கீழே விழுந்து விரிசல் விட்டிருந்தால் உள்ளே மோட்டாரும் அடிபட்டிருக்கலாம், முதல் நாளில் அது தெரியாது.

"ரிவ்யூவை எடுத்துவிடுங்கள், ஐந்து ஸ்டார் கொடுங்கள், உடனே பணம் போடுகிறோம்" என்பதும் சகஜம். பணம் முதலில் வரட்டும். நீங்களும் "பணம் தராவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன்" என்று எழுதாதீர்கள். பின்னால் யாராவது அந்தச் சாட்டைப் படித்தால், பாதிக்கப்பட்டவராக இல்லாமல் மிரட்டுபவராகத் தெரிவீர்கள்.

யாரிடம் போவது

விற்பனையாளர் கொரியரைக் கைகாட்டுவார். கொரியர், அனுப்பியவர்தான் கேட்க வேண்டும் என்பார். நீங்கள் ஆர்டர் போட்ட ஆன்லைன் தளமோ, நாங்கள் நடுவில் இருப்பவர்கள்தான் என்று சொல்லும். இந்தச் சுற்றில் கொரியரின் பின்னால் ஓடுவது வீண். நீங்கள் பணம் கொடுத்தது கொரியருக்கு இல்லை. கொரியரிடம் வசூலிப்பது விற்பனையாளர் பாடு. விற்பனையாளர், தளம் இரண்டு பேரையும் சேர்த்தே எழுதுங்கள்.

தளத்தின் குறைதீர் அலுவலர் யார் என்று பார்க்காமல் சாட்டிலேயே நின்றுவிடுவது அடுத்த தவறு. அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருந்தாக வேண்டும், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் இருக்கும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதே மின்வணிக விதிகளில் இருக்கிறது. மெயிலில் அந்த 48 மணி நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அதற்கும் அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, கம்பெனியிடம் எடுத்துச் சென்று சமரசம் பேசத்தான் முடியும். கார்டில் கட்டியவர்களுக்கு வங்கியில் டிஸ்ப்யூட் எழுப்பும், அதாவது கட்டிய தொகையைத் திரும்பக் கேட்டு முறையிடும், வழியும் இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு என்பதால், "இன்னும் இரண்டு நாள்" என்று இழுப்பவரை நம்பி அதைத் தவறவிட வேண்டாம்.

கூகுளில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணுக்கு அடிக்கவே கூடாது. சமூக வலைதளத்தில் கோபமாக ஆர்டர் எண்ணோடு பதிவு போட்டால், கம்பெனிக்கு முன்னால் மோசடிக்காரன் பதில் சொல்லுவான். ரீஃபண்ட் தருகிறேன் என்று திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்லுவான், யுபிஐ பின் போடச் சொல்லுவான். பணம் வாங்க யுபிஐ பின் (PIN) தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். "வழக்கு எதுவானாலும் பெங்களூருவில்தான்" என்று தளத்தின் நிபந்தனையில் இருப்பதைப் படித்துப் பயந்து கைவிட வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1,400 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போகலாமா என்பது அவரவர் நேரத்தையும் பிடிவாதத்தையும் பொறுத்தது. நானாக இருந்தால் முதலில் விற்பனையாளருக்கும் தளத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் கெடு கொடுத்துப் பார்ப்பேன்.

வியாபாரத்துக்கு வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். ஹோட்டலின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்டு பில் வாங்கினால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்று அதிலேயே குடும்பம் நடத்தும் ஒருவர், அந்த வேலைக்கென்றே வாங்கிய கிரைண்டருக்கும் ஆணையத்தில் முறையிடலாம். அதுதான் தன் பிழைப்பு என்பதைப் புகார் மனுவிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.