ட்வீட்டரைக் குற்றம் சொல்லுமுன் அளந்து பாருங்கள்

சென்ற மார்கழியில் ஒரு பஜனைப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும் இடப்பக்கத்திலிருந்து வரும் ஜால்ரா அன்று நடுவில் எங்கோ மங்கலாகக் கேட்டது. பாடகரின் குரலும் மிருதங்கத்தின் தொப்பி நாதமும் இருந்தன. 'ச' என்ற எழுத்தில் வரும் காற்று மட்டும் இல்லை. போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது. முன்பக்க இடது ஸ்பீக்கரில், கீச்சென்ற உயர் ஒலிகளைத் தரும் சிறிய ஒலிப்பான் ஆன ட்வீட்டர் வேலை செய்யவில்லை.

பழுதுபார்க்கும் கடையில் ஒருவர் மீட்டரை ஸ்பீக்கரின் பின்புறம் வைத்துப் பார்த்துவிட்டு, "ட்வீட்டர் போய்விட்டது" என்றார். புதிது வாங்கி மாட்டினேன். அதே போர்வை. அன்று முதல் அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை.

முதலில் ஸ்பீக்கரைத் திறக்காதீர்கள். ஸ்பீக்கர்களுக்கு ஒலியை அனுப்பும் பெட்டியான ரிசீவரை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். மங்கல் வலப்பக்கத்துக்குப் போய்விட்டால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை, ரிசீவரைப் பாருங்கள். இடத்திலேயே நின்றால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ பழுது. ஒயரை மட்டும் மாற்றிப் போட்டால் எது என்று தெரிந்துவிடும். உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு ஜோடி முனைகள் இருந்தால், அவற்றை இணைக்கும் பித்தளைத் தகட்டை இறுக்கிப் பாருங்கள். அது தளர்ந்தாலே ட்வீட்டர் ஊமையாகிவிடும்.

அடுத்து, ரிசீவரின் டெஸ்ட் டோனைக் குறைந்த ஒலியில் ஓடவிடுங்கள். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை ட்வீட்டருக்கு அருகிலும் மறு முனையைக் காதிலும் வையுங்கள். தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஒலிப்பானான வூஃபரின் இரைச்சலிலிருந்து ட்வீட்டரைப் பிரித்துக் கேட்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. துளியும் ஒலி இல்லையென்றால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது அல்லது ட்வீட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்திருக்கிறது. கேட்டும் கேளாமலும் ஒரு சீறல் வந்தால், ட்வீட்டர் உயிரோடுதான் இருக்கிறது. எனக்கு அந்தச் சீறல் வந்தது.

இப்போது திருகுகளைக் கழற்றலாம். திருப்புளியை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்வீட்டரின் காந்தம் அதை இழுத்து நடுவிலுள்ள மெல்லிய குமிழைக் குத்திவிடும். எந்த நிற ஒயர் எந்த முனையில் இருக்கிறது என்று படமெடுத்துக்கொள்ளுங்கள். சில ஸ்பீக்கர்களில் ட்வீட்டரை வேண்டுமென்றே பிளஸ், மைனஸ் மாற்றி இணைத்திருப்பார்கள். அதை நீங்கள் 'சரி' செய்துவிட்டால் வூஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் இடத்தில் ஒலி குழிவிழுந்தது போலாகிவிடும்.

ஒரு ஒயரையாவது கழற்றிவிட்டு, ட்வீட்டரின் முனைகளில் நேரடியாக மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் ட்வீட்டர் சுமார் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் எரிந்துவிட்டது. ஸ்பீக்கரின் பின்முனையில் அளப்பதால் ட்வீட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. மீட்டரின் நேர்மின்னோட்டத்தை நடுவிலுள்ள கெபாசிட்டர் (தாழ்ந்த ஒலிகளை ட்வீட்டருக்கு விடாத உறுப்பு) தடுத்துவிடும். தெரிவது வூஃபரின் அளவு மட்டும்தான். அந்தக் கடையில் நடந்தது இதுதான். என் பழைய ட்வீட்டர் 6 ஓம் காட்டியது.

மிச்சம், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகை. திருவான்மியூரில் கடற்காற்று படும் வீடு என்பதால் செருகு முனைகளில் பச்சை பூத்திருந்தது. சுரண்டி, குறடால் லேசாக நெருக்கினேன். பிறகு ட்வீட்டருக்குப் போகும் கெபாசிட்டரின் ஒரு காலை ஈயம் உருக்கித் தூக்கி அளந்தேன். மேலே 4.7 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 0.6 காட்டியது. 6 ஓம் ட்வீட்டரோடு சேர்ந்து 4.7 என்பது ஏறத்தாழ 5,600 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை நன்றாக விடும். 0.6 ஆனதும் அந்த எல்லை 44,000-க்கு ஏறிவிடுகிறது. மனிதக் காது 20,000-ஐத் தாண்டாது. காய்ந்துபோன ஒரு கெபாசிட்டருக்காக நல்ல ட்வீட்டரைக் கழற்றி எறியவிருந்தேன்.

சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கெபாசிட்டரைக் 'கண்டென்சர்' என்று கேளுங்கள். துருவமில்லாத (பிளஸ், மைனஸ் பார்க்காத), 'என்.பி.' வகையாக இருக்கவேண்டும். பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் வகை கிடைத்தால் அதுவே மேல், அது காய்வதில்லை. மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட் அதே அல்லது கூடுதல். சோதிப்பதற்காகக்கூட கெபாசிட்டர் இல்லாமல் ட்வீட்டரை ஆம்ப்ளிஃபயரில் நேராகச் சேர்க்காதீர்கள். தாழ்ந்த ஒலிகள் பாய்ந்து சுருளை எரித்துவிடும்.

சுருள் உண்மையிலேயே எரிந்திருந்தால், அதே மாடல் ட்வீட்டரைத் தேடுங்கள். ஓமும் அளவும் பொருந்தினால் போதாது, ஒலியின் வலுவும் பொருந்தவேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஏன் எரிந்தது என்பதையும் பாருங்கள்: சிறிய ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட அலையிலிருந்து கிளம்பும் உயர் அதிர்வுகள் எல்லாம் ட்வீட்டரின் தலையில்தான் இறங்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு ரிசீவரின் தானியங்கி ஒலியமைப்பை மைக் வைத்து மறுபடி ஓட்டுங்கள். ட்வீட்டர் ஊமையாக இருந்தபோது அதை ஓட்டியிருந்தால், அந்தக் குறைக்கு ஈடுகட்டிய அளவுகள் உள்ளே தங்கியிருக்கும். சரியான ஸ்பீக்கர் இப்போது காதைக் கீறும்.