கமோடோர் 64 கார்ட்ரிட்ஜுக்கு முதல் சிப் எழுதுவது எப்படி?

நான் முதன்முதலில் எழுதிய சிப்பைக் கார்ட்ரிட்ஜ் (விளையாட்டுச் சிப்போடு கணினியில் செருகும் பெட்டி) போர்டில் செருகி, கமோடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியை ஆன் செய்தபோது விளையாட்டு வரவில்லை. வழக்கமான நீலத் திரைதான் வந்தது. ஆனால் மேலே எப்போதும் இருக்கும் 38911 என்ற எண் இல்லை, 30719 என்று இருந்தது. சிப் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு சிப்பை எழுதினேன். அதிலும் அதே எண். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அன்று தெரிந்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும். சோதித்துப் பார்க்கும் கட்டம் வரும்போது அதைச் சொல்கிறேன்.

இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சிப் புரோகிராமர் என்பது சொன்னதைச் செய்யும் கருவி. கொடுத்த பைட்டுகளை அப்படியே சிப்பில் பதித்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லும். அந்த பைட்டுகள் கணினி எதிர்பார்ப்பவைதானா என்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நாம்தான். அதனால் இங்கே பொத்தான்களைவிட கோப்புக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தேவையான பொருட்கள்

புரோகிராமர் என்றால் டிஎல்866 டூ பிளஸ் அல்லது டி48 போதும். இரண்டும் யுஎஸ்பி கேபிளில் இணைபவை, இரண்டுக்கும் எக்ஸ்ஜிபுரோ என்ற ஒரே விண்டோஸ் மென்பொருள்தான். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு மினிபுரோ என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. நான் எக்ஸ்ஜிபுரோவை வைத்தே சொல்லிப் போகிறேன்.

சிப் வாங்கும்போது அதன் மேலுள்ள எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 2764, 27128, 27256, 27512 என்று வரும். 27-க்குப் பின்னால் வருவது கிலோபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் கிலோபைட் கிடைக்கும்: 8, 16, 32, 64. இவை எல்லாமே 28 கால் கொண்ட சிப்கள். கண்ணாடி ஜன்னல் வைத்த பழைய ஈப்ராம்களை (அழித்துத் திரும்ப எழுதக்கூடிய சிப்கள்) அழிக்கப் புறஊதா விளக்கு வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது வின்பாண்டின் டபிள்யூ27சி512. இதற்கு விளக்கு வேண்டாம், புரோகிராமரே மின்சாரத்தால் அழித்துவிடும். தப்பு செய்தால் சில நொடிகளில் திரும்ப எழுதலாம். கற்றுக்கொள்ளும் காலத்தில் இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

பழைய சிப்கள் கையில் இருந்தால் மின்னழுத்தத்தைக் கவனியுங்கள். தொடக்க கால 2764, 27128 சிப்களை எழுத 21 வோல்ட் வேண்டும். 2716-க்கு 25 வோல்ட். பின்னால் வந்த 27சி வகைகளுக்கு 12.5 முதல் 13 வோல்ட் வரை போதும். டிஎல்866 டூ பிளஸ் 18 வோல்ட் வரைதான் கொடுக்கும். ஆகவே பழையவற்றை அதில் படிக்கலாம், எழுத முடியாது. டி48 என்றால் 25 வோல்ட் வரை போகும்.

கடைசியாக, 8 கிலோபைட்டுக்கான எளிய கார்ட்ரிட்ஜ் போர்டு ஒன்று. சிப்பை நேரடியாக சால்டர் செய்யாமல் 28 கால் சாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பைத் தயார் செய்வது

நம் முதல் கார்ட்ரிட்ஜுக்கு 8 கிலோபைட் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கமோடோர் 64-க்கு இன்றும் புதிதாக விளையாட்டு எழுதி இலவசமாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவற்றில் ஒன்றை எடுங்கள். முதலில் வைஸ் என்ற எமுலேட்டரில் (இன்றைய கணினியில் கமோடோர் 64 போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடாதது சிப்பிலும் ஓடாது.

விளையாட்டு பெரும்பாலும் சிஆர்டி கோப்பாகக் கிடைக்கும். நான் சறுக்கிய இடம் இதுதான். சிஆர்டி கோப்பு முழுவதும் விளையாட்டு கிடையாது. முன்னால் 64 பைட்டுகளுக்கு, இது என்ன வகை கார்ட்ரிட்ஜ், பெயர் என்ன என்று எமுலேட்டருக்கான விவரம் இருக்கும். அதன் பின் 16 பைட்டுகளுக்கு, அடுத்து வரும் துண்டு எந்த முகவரியில் உட்கார வேண்டும், எவ்வளவு நீளம் என்ற குறிப்பு. அதற்குப் பிறகுதான் உண்மையான 8192 பைட்டுகள் தொடங்கும். கோப்பின் அளவைப் பாருங்கள்: 8272 என்று இருந்தால் 8192-உடன் அந்த 80 பைட்டுகள் சேர்ந்திருக்கின்றன. சரியாக 8192 என்றால் அது ஏற்கெனவே முன்பகுதி வெட்டப்பட்ட பிஐஎன் (.bin) கோப்பு, கை வைக்க வேண்டியதில்லை.

இந்த 80 பைட்டுகளைத் தாண்டிப் படிக்கத் தனிக் கருவி தேவையில்லை. எக்ஸ்ஜிபுரோவில் முதலில் சிப்பைத் தேர்ந்தெடுங்கள்: வின்பாண்ட், டபிள்யூ27சி512, டிஐபி28. அப்புறம் கோப்பை ஏற்றும் பெட்டியில், கோப்பில் எந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் ஹெக்ஸ் முறையில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 50 என்று கொடுங்கள். ஹெக்ஸில் 50 என்பது நம் கணக்கில் 80. அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. விளையாட்டு 8 கிலோபைட், நம் சிப்போ 64 கிலோபைட். 2764-க்காகச் செய்த போர்டில் 1, 27 ஆகிய கால்கள் வழக்கமாக 5 வோல்ட்டில் கட்டப்பட்டிருக்கும். 26-ஆம் கால் எதனோடும் சேராமல் கிடக்கலாம். ஆனால் 27512-இல் இதே மூன்று கால்களும் முகவரிக் கம்பிகள். ஆக, கணினி சிப்பின் தொடக்கத்தைப் படிக்காமல் வேறெங்கோ போய்ப் படிக்கும். எந்தப் போர்டில் எந்தக் கால் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, அதே 8 கிலோபைட்டை எட்டு முறை அடுக்கி சிப்பை நிரப்பிவிடுவதே நல்லது. பஃபரில் (சிப்பில் எழுதும் முன் மென்பொருள் பைட்டுகளை வைத்திருக்கும் இடம்) 0000, 2000, 4000, 6000, 8000, ஏ000, சி000, ஈ000 ஆகிய எட்டு முகவரிகளிலும் அதே கோப்பை ஏற்றுங்கள். முதல் முறைக்குப் பிறகு, ஏற்றும்போது பஃபரைத் துடைக்காதே என்ற தேர்வை வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். இப்போது கணினி எந்தக் கதவைத் தட்டினாலும் அதே விளையாட்டுதான் வந்து திறக்கும்.

இங்கே நின்று ஒரு வரியைப் படியுங்கள்

எழுதும் பொத்தானைத் தொடுவதற்கு முன் பஃபரின் முதல் வரியைப் பாருங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

8 கிலோபைட் கார்ட்ரிட்ஜைச் செருகினால், கமோடோர் 64 அதை ஹெக்ஸ் 8000 என்ற முகவரியில் பார்க்கும். ஆன் ஆனதும் 8004-இலிருந்து ஐந்து பைட்டுகளைப் படித்துப் பார்ப்பது அதன் வழக்கம். அவை சி3, சி2, சிடி, 38, 30 என்று இருந்தால்தான் "இது தானாக ஓட வேண்டிய கார்ட்ரிட்ஜ்" என்று எடுத்துக்கொள்ளும். கமோடோர் நிறுவனத்தின் சிபிஎம் என்ற மூன்று எழுத்துகளும் 80 என்ற எண்ணும்தான் அந்த முத்திரை. எழுத்துகளின் மேல் பிட் மட்டும் ஏற்றப்பட்டிருக்கும்.

எனவே பஃபரில் முதல் நான்கு பைட்டுகளைத் தள்ளி, ஐந்தாவதிலிருந்து இந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால் உள்ள முதல் இரண்டு பைட்டுகள் நிரல் தொடங்கும் முகவரி, தலைகீழாக எழுதியிருக்கும். 09 80 என்று இருந்தால் 8009 என்று படிக்க வேண்டும், அதாவது முத்திரை முடிந்த உடனே நிரல் தொடங்குகிறது. வலது பக்க எழுத்துப் பகுதியில் சி64 கார்ட்ரிட்ஜ் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தெரிந்தால், அந்த 80 பைட் முன்விவரத்தை வெட்டாமல் ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள். நான் இரண்டு சிப்களிலும் எழுதி வைத்தது இந்த வரியைத்தான். பத்து நொடி பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

பிறகு 2000, 4000 என்று கீழே போய் அதே வரி திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

சிப்பை வைத்து எழுதுவது

புது சிப்பின் கால்கள் கொஞ்சம் விரிந்தே இருக்கும். மேசை மேல் பக்கவாட்டில் வைத்து மெதுவாக அழுத்தினால் நேராகும். புரோகிராமரின் லீவரைத் தூக்கி, சிப்பின் அரைவட்டப் பள்ளம் லீவர் இருக்கும் பக்கம் பார்க்கும்படி, அந்த ஓரத்தை ஒட்டி வையுங்கள். மீதிக் குழிகள் மறுகோடியில் காலியாக இருக்கும். மென்பொருள் காட்டும் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு லீவரைச் சாய்த்துவிடுங்கள்.

திசையில் மட்டும் அலட்சியம் கூடாது. 14-ஆம் கால் கிரவுண்ட், 28-ஆம் கால் 5 வோல்ட். சிப்பைத் திருப்பி வைத்தால் இரண்டும் அப்படியே இடம் மாறிவிடும். தொட முடியாத அளவுக்குச் சுட்டால் சிப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரிசையாக: சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாள எண்ணை மென்பொருளில் படியுங்கள். டபிள்யூ27சி512 என்றால் டிஏ 08 என்று வரும். வேறு எண் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கால்கள் சரியாகத் தொடவில்லை. பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்களின் காலில் சால்டரும் அழுக்கும் ஒட்டியிருக்கும், ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் துடைத்துத் திரும்ப வையுங்கள். இரண்டாவது, மேலே அச்சடித்த பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. எண் ஒத்துவரவில்லை என்ற எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு எழுதாதீர்கள்.

அப்புறம் அழியுங்கள். 14 வோல்ட் கொடுத்து சிப் முழுவதையும் எஃப்எஃப் (எல்லா பிட்டும் ஒன்று) ஆக்கிவிடும். எழுதுவது என்பது ஒன்றுகளைப் பூஜ்யமாக்குவது மட்டுமே, பூஜ்யத்தைத் திரும்ப ஒன்றாக்க அழித்தால்தான் முடியும். அதனால் காலியா என்ற சோதனை தேறிய பிறகே எழுதும் பொத்தான். சில நொடிகளில் எழுதி முடித்து, தானாகவே படித்துச் சரிபார்க்கும். ஏதாவது ஒரு முகவரியில் தவறு என்று நின்றால், சிப்பை எடுத்துத் திரும்ப வைத்து, அழிப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஜன்னல் வைத்த ஈப்ராம் என்றால் அழிப்பது மட்டும் வேறு. 253.7 நானோமீட்டர் புறஊதா விளக்கில், விளக்கின் வலிமையைப் பொறுத்து ஏறக்குறைய 20 நிமிடம். நகப்பூச்சு உலர்த்தும் விளக்கின் அலைநீளம் வேறு, அதில் அழியாது. இந்த ஒளி கண்ணுக்குக் கெடுதல், மூடிய பெட்டியில்தான் எரிய வேண்டும். எழுதி முடித்ததும் ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே அழிந்துவிடும்.

கணினியில் செருகிப் பார்ப்பது

கணினி ஆஃபில் இருக்கும்போதுதான் கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டும், எடுக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

ஆன் செய்தவுடன் விளையாட்டு வந்தால் மகிழ்ச்சி. நீலத் திரை வந்தால் மேலே உள்ள எண்ணைப் படியுங்கள். கமோடோர் 64 தொடங்கும்போது தன் நினைவகத்தை இடம் இடமாக எழுதிப் படித்து, எழுதியது திரும்பக் கிடைக்காத முதல் இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். கார்ட்ரிட்ஜ் இல்லாதபோது அந்த இடம் பேசிக் ரோம் (பேசிக் மொழி நிலையாகப் பதிந்திருக்கும் சிப்) தொடங்கும் ஏ000, அப்போது 38911 பைட் காலி என்று காட்டும். 8000-இல் நம் சிப் உட்கார்ந்திருந்தால் அங்கேயே நின்றுவிடும், எண் 30719 ஆகும்.

ஆக, 30719 வந்தால் போர்டும் இணைப்பும் சரி, கணினி சிப்பைப் பார்க்கிறது. உள்ளே முத்திரைதான் சரியான இடத்தில் இல்லை. கோப்புக்குத் திரும்பிப் போங்கள். 38911 வந்தால் கார்ட்ரிட்ஜ் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. கார்ட்ரிட்ஜ் இருப்பதைக் கணினிக்குச் சொல்லும் எக்ஸ்ரோம் கம்பி கிரவுண்டில் சேர்ந்திருக்கிறதா, விளிம்பிலுள்ள தொடுபட்டைகள் சுத்தமா என்று பாருங்கள். திரை கருப்பாகவே நின்றால் உடனே ஆஃப் செய்து, சிப்பின் திசையையும் சால்டர் ஒட்டுகளையும் பாருங்கள்.

16 கிலோபைட் விளையாட்டுக்குப் போகும்போது வேறு போர்டு வேண்டும், கேம் என்ற கம்பியையும் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். சிஆர்டி அளவு 16464 என்றால் முன்விவரம் ஒரே இடத்தில்தான். 16480 என்றால் நடுவிலும் 16 பைட் குறிப்பு ஒன்று இருக்கிறது, அதையும் எடுத்தாக வேண்டும்.

உங்களிடம் பழைய கார்ட்ரிட்ஜ் இருந்து, அதன் சிப் சாக்கெட்டில் இருந்தால், அதையும் இதே கருவியில் படித்து வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டான ஈப்ராமிலிருந்து மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கிறது, ஸ்டிக்கரைப் பிரிக்காதீர்கள். தொழிற்சாலையிலேயே பதித்த ரோம் என்றால் அடையாள எண் சோதனையை அணைத்துவிட்டுப் படியுங்கள். அந்தச் சோதனை 24-ஆம் காலில் 12 வோல்ட் அளவுக்குக் கொடுக்கும், அந்த சிப்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மூன்று முறை படித்து மூன்று செக்சம்மும் (பைட்டுகளிலிருந்து மென்பொருள் கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக வந்தால் அந்தக் கோப்பை நம்பலாம். கோப்பின் பெயரிலேயே செக்சம்மைச் சேர்த்து, அதே எண்ணைச் சிறிய தாளில் எழுதிக் கார்ட்ரிட்ஜ் கூட்டுக்குள் போட்டு வையுங்கள்.