ஆல்பிமார்ஜினேட்டா பெட்டா: தண்ணீர் தயாரான பிறகுதான் மீன்

கடையில் கப்பில் விற்கும் ஃபைட்டர் மீனை மனதில் வைத்துக்கொண்டு இதை வாங்காதீர்கள். பெட்டா ஆல்பிமார்ஜினேட்டா, போர்னியோத் தீவின் காலிமந்தானில் இலைச்சருகு மூடிய ஆழமற்ற ஓடைகளில் வாழும் காட்டு மீன். 1994-ல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது. நீளம் 5 செ.மீ.க்கு மேல் போகாது. ஆணின் துடுப்புகளில் கறுப்புப் பட்டையும் வெள்ளை ஓரமும் இருக்கும். பெண் மங்கலாக இருக்கும்.

1. தொட்டி
ஒரு ஜோடிக்கு 60×30×30 செ.மீ. தாராளம். 24 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் 43 லிட்டர் பிடிக்கும். மூடி கட்டாயம். ஏர் டியூப் போகும் ஓட்டையையும் ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள், அந்த இடைவெளியிலும் துள்ளி வெளியே விழும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், காற்றைக் குறைத்து வையுங்கள்.

2. தண்ணீர்
பலர் சறுக்குவது இங்கேதான். இதற்கு வேண்டியது பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, 7-க்குக் கீழே என்றால் அமிலம்) 5 முதல் 6.5, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 60 பிபிஎம்முக்குள். போர் தண்ணீர் ஆகாது. ஆனால் முதல் நாளே பிஎச்சை இறக்கிவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா தொட்டியில் முதலில் வளர வேண்டும், அது பிஎச் 6-க்குக் கீழே மந்தமாகிவிடும். குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீர் பாதி, ஆர்.ஓ பாதி கலந்து, மீன் விடாமலே, பாக்டீரியாவுக்காகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு 4 முதல் 6 வாரம் ஓட்டுங்கள். டெஸ்ட் கிட்டில் அமோனியா, அதிலிருந்து உருவாகும் இன்னொரு விஷமான நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு, இரண்டு நாளுக்கொரு முறை 20% எடுத்துவிட்டு வெறும் ஆர்.ஓ ஊற்றுங்கள். கூடவே 20 லிட்டருக்கு ஒன்று வீதம் வாதாமர இலை போடுங்கள். மரத்திலிருந்து பறித்த பச்சை இலை வேண்டாம். தானாக உதிர்ந்து காய்ந்ததைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தால் சரி.

இன்னொன்று: அமிலத் தண்ணீரில் தேங்கும் அமோனியா பெரும்பாலும் அம்மோனியமாக இருப்பதால் அவ்வளவாகக் கெடுக்காது. அந்த நேரத்தில் பிஎச் 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால் அது மறுபடி விஷமாகும். "தண்ணி மாத்துனேன், மறுநாள் செத்துடுச்சு" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாரம் 15%, அதே பிஎச்சில் தயாரித்த தண்ணீர் மட்டும்.

3. மீனை விடுதல்
லைட்டை அணைத்து, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் ஒன்றரை மணி நேரம் தொட்டித் தண்ணீரை மீன் இருக்கும் பையில் விடுங்கள். பை தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

4. வெப்பம், தீனி
23 முதல் 26 டிகிரி. வெயில் காலத்தில் மூடிக்குப் பதில் கொசுவலை கட்டி மேலே சின்ன ஃபேன் வையுங்கள். ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ ஊற்றினால் போதும். கொசுப்புழு, டாஃப்னியா (நீர்ப்பூச்சி போன்ற சிறு உயிரி), ஃப்ரோசன் ஆர்ட்டீமியா (உறைய வைத்த குட்டி உப்புநீர் இறால்) என்று மாற்றி மாற்றி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு கொடுங்கள். பெல்லட்டைப் பல மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்காது.

5. குஞ்சு
முட்டையை வாயில் வைத்து அடைகாப்பது ஆண்தான். தொண்டை உப்பி, தீனி எடுக்காமல் ஓரமாக நின்றால் அதுதான் அடையாளம். நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். சுமார் இரண்டு வாரம் வலை போடுவது, தொட்டியைக் கழுவுவது எதுவும் கூடாது. மிரண்டால் முட்டையை விழுங்கிவிடும். முதல் ஈடுகளில் மிரளாமலே விழுங்குவதும் உண்டு. வெளியே வரும் குஞ்சுகளுக்கு அன்றே பொரித்த ஆர்ட்டீமியாவை முதல் நாளிலிருந்தே கொடுக்கலாம்.