முதலில் பாடம், பிறகு சூத்திரம்: நெட்வொர்க்கிங் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்களின் வகுப்புகளைப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எந்தத் தலைப்பானாலும் பலகையில் முதலில் ஏறுவது ஒரு சுருக்கச் சொல், அல்லது ஒரு வேடிக்கையான ஆங்கில வாக்கியம். முதல் எழுத்துகளை எடுத்தால், நெட்வொர்க் தொடர்பைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ அடுக்குகள் ஏழும் வரிசையாக வந்துவிடும். மாணவர்கள் உற்சாகமாக எழுதிக்கொள்கிறார்கள். பாடம் புரிந்துவிட்டதாக இரு தரப்பும் நம்புகிறது. கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் இந்த வழியில்தான் வந்தேன். அதனால்தான் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

நினைவுச் சூத்திரங்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ் போன்ற தேர்வுகளில் வரிசைகளும் எண்களும் ஏராளம். ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். எழுத்தை மாற்றிப் போடுவது, எண்ணைத் தவறாகச் சொல்வது போன்ற சில்லறைப் பிழைகளையும் விட்டுவிடுகிறேன். அவை தாமாகத் திருந்திவிடும். திருந்தாதவை வேறு.

இயக்கத்தைச் சொல்லும் முன்பே சுருக்கச் சொல்லைக் கொடுப்பது

கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கணினி ஐபி முகவரி பெறும் நான்கு படிகள்: டிஸ்கவர், ஆஃபர், ரெக்வெஸ்ட், அக்னாலெட்ஜ். முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘டோரா’. ஒரு நிமிடத்தில் வகுப்பே ஒப்பிக்கும். மூன்றாவது செய்தி எது என்று தேர்வில் கேட்டால் மதிப்பெண் உறுதி.

அதே மாணவரை ஆய்வகத்தில் உட்கார வையுங்கள். திரையில் 169.254 என்று தொடங்கும் முகவரி, அதாவது சர்வரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. “டோராவில் எந்த இடத்தில் நின்றுவிட்டது?” என்று ஒருவரிடம் கேட்டேன். நான்கு சொற்களையும் பிழையில்லாமல் சொன்னார். மறுபடி கேட்டேன், மறுபடியும் அதே நான்கு சொற்கள். பிறகு கேபிளை மாற்றக் கிளம்பினார். அவர் சோம்பேறி அல்ல. அவருக்குக் கொடுக்கப்பட்டது நான்கு பெயர்கள் மட்டுமே. யார் அனுப்புகிறார், யாருக்கு, ஏன் என்பதை யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? டிஸ்கவர் அனுப்பும் கணினிக்கு இன்னும் முகவரி கிடையாது, எனவே 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255 என்ற பிராட்காஸ்ட் முகவரிக்கு, அதாவது அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் அனுப்புகிறது. பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. சர்வர் வேறொரு நெட்வொர்க்கில் இருந்தால், அந்தச் செய்தியை எடுத்துச் செல்ல ரிலே அமைத்திருக்க வேண்டும். அமைக்கவில்லையென்றால் டிஸ்கவர் ரவுட்டரோடு முடிந்துபோகும், ஆஃபர் வராது, கணினி 169.254 வரிசையிலிருந்து ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் இடையிலேயே இவ்வளவு இருக்கிறது.

மூன்றாவது படியும் அப்படித்தான். ஆஃபர் கொடுத்த சர்வர் யார் என்று தெரிந்த பிறகும் ரெக்வெஸ்ட் ஏன் பிராட்காஸ்டாகப் போகிறது? ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் முகவரி தர முன்வந்திருக்கலாம். தேர்வாகாதவையும் அதைக் கேட்டு, ஒதுக்கிவைத்த முகவரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இது புரிந்தவருக்கு ஆஃபருக்குப் பின் ரெக்வெஸ்ட் வரும் என்பதை மனப்பாடம் செய்யும் தேவையே இல்லை.

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதன் அடுத்த கட்டம். முகவரியை வைத்துக்கொள்ளத் தந்த குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி வழக்கமாகத் தன் சர்வருக்கே நேரடியாக ரெக்வெஸ்ட் அனுப்பும், அக்னாலெட்ஜ் வரும், அவ்வளவுதான். டிஸ்கவரும் ஆஃபரும் அங்கே கிடையாது. நெட்வொர்க்கில் போன செய்திகளைப் பிடித்துவைத்த பாக்கெட் பதிவில் இந்த இரண்டு செய்திகளை மட்டும் பார்த்த ஒரு பயிற்றுநர், பதிவின் தொடக்கம் விடுபட்டுவிட்டது என்று வகுப்புக்கே விளக்கம் கொடுத்தார். வகுப்பும் எழுதிக்கொண்டது. நான்கு எழுத்து முழுதாக இல்லாவிட்டால் பழுது என்று நம்பிவிட்ட அந்த மாணவர்கள் நாளை வேலையில் நல்லபடியாக ஓடும் சர்வரில் கை வைப்பார்கள். அந்தச் சேதத்துக்கு அவர்களா பொறுப்பு?

செய்ய வேண்டியது எளிது. இரண்டு மாணவர்களை எழுப்பி ஒருவரைக் கணினியாகவும் இன்னொருவரைச் சர்வராகவும் நிறுத்துங்கள். செய்தியின் பெயரைச் சொல்லாமல், என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்களே பேசட்டும். ஒவ்வொரு படியிலும் “பதில் வராவிட்டால்?” என்று கேளுங்கள். பெயர்கள் அதன் பிறகு. சுருக்கச் சொல் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

திசை காட்டாத சூத்திரம்

பெரிய நெட்வொர்க்குகளுக்கிடையே பாதையை முடிவு செய்யும் பிஜிபி எந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு ஆரஞ்சுப் பழங்களைப் பற்றிய ஓர் ஆங்கில வாக்கியம் புழக்கத்தில் இருக்கிறது. வரிசை சரியாகவே வரும். ஆனால் பாதைகளை ஒப்பிடும் அளவுகோல்களில் வெயிட்டும் லோக்கல் பிரிஃபரன்ஸும் அதிகமாக இருந்தால் வெல்லும். கடந்து வரும் நெட்வொர்க்குகளின் வரிசையான ஏஎஸ் பாத் குறுகியதாகவும் மெட் என்ற எண் குறைவாகவும் இருந்தால் வெல்லும். இந்தத் திருப்பம் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. வெயிட் சிஸ்கோவின் சொந்த ஏற்பாடு, அந்த ரவுட்டரை விட்டு வெளியே போகாது என்பதும் இல்லை.

யாப்பிலக்கணத்தில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று படித்திருப்போம். தேமாவை அலகிட்டால் நேர் நேர். புளிமாவை அலகிட்டால் நிரை நேர். வாய்பாடே தன் பொருளையும் சுமக்கிறது, மறந்தாலும் அதிலிருந்தே மீட்டுவிடலாம். சூத்திரம் அப்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தபட்சம், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ ஓர் அம்புக்குறி போட்டுப் பழக்குங்கள்.

நிறங்களை வெறும் ராகமாகப் பாடுவது

நெட்வொர்க் கேபிளின் எட்டுக் கம்பிகளை முனையில் அடுக்கும் டி568பி நிற வரிசையில் பச்சை இணை மூன்றாவது, ஆறாவது பின்களில் பிரிந்து நிற்கும். நடுவில் நீல இணை. காரணம் சொல்லாமல் விட்டால், இணைகளைப் பக்கம் பக்கமாக அடுக்குவதே இயல்பு என்று கைக்குத் தோன்றும். இரு முனையிலும் அப்படியே அடுக்கினால் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் மூன்றும் ஆறும் வெவ்வேறு இணைகளிலிருந்து வந்திருக்கும்; கம்பிகளை முறுக்கியதன் பயன் போய், ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் கசியும். இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

போர்ட் எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை

ஒவ்வொரு சேவைக்கும் உரிய போர்ட் எண்ணை நினைவில் வைக்கச் சொல்லும் கதை, எண்ணைவிட நீளமாகிவிடுகிறது. ஜோடியாகக் கொடுங்கள்: டெல்நெட் 23, எஸ்எஸ்எச் 22, எச்டிடிபி 80, எச்டிடிபிஎஸ் 443, எல்டாப் 389, பாதுகாப்பான எல்டாப் 636. எது திறந்த மடல், எது மறையாக்கம் செய்தது என்ற அறிவும் கூடவே ஏறும்.

ஒரே பட்டியலுக்கு இரண்டு சூத்திரங்கள்

ஓஎஸ்ஐக்கு மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. இரண்டும் கலந்துவிடும், ஒன்றை விட்டுவிடுங்கள்.

கணக்கை மனப்பாடமாக்குவது

சப்நெட் மாஸ்கின் கடைசி எண் 192 என்றால், 256-லிருந்து 192-ஐக் கழித்தால் 64. நெட்வொர்க்கைப் பிரித்த துண்டுகளான சப்நெட்டுகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். இதற்குச் சூத்திரம் எதற்கு?

தேர்வுக்கு முந்தைய நாள் புதிய சூத்திரம்

கொடுக்காதீர்கள்.