வண்டியைத் தூக்குமுன் அடியில் சுண்ணாம்பு பூசுங்கள்

தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து போடிமெட்டு மலை ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். அதுவரை எந்தக் காரும் போகும். அதற்குமேல் எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகிற கடைசி நாலு கிலோமீட்டர்தான் வண்டியைச் சோதிக்கும்: இரண்டு பக்கமும் டயர் ஓடி ஓடிப் பள்ளம், நடுவில் முதுகு மாதிரி மேடு, அதில் தலை நீட்டும் கற்கள். என் 2008 மாருதி ஜிப்ஸி அந்த மேட்டில் வயிறு தட்டியதால், வண்டியை உயர்த்த ஆசையாக இரண்டு இஞ்ச் பாடி லிஃப்ட் போட்டேன். பார்க்க யானை மாதிரி நின்றது. மறுநாள் அதே கல், அதே இடத்தில், அதே ‘டங்’.

காரணம் எளிது. பாடி லிஃப்ட் என்பது சேஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) அதன்மேல் உட்காரும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது. பாடி மட்டும் மேலே போகும். சேஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் பழைய உயரத்திலேயே தொங்கும். சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது ஸ்பிரிங்கை உயர்த்துவது, அதில் ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சு) மேலே உள்ள எல்லாமே சேர்ந்து எழும்பும். ஆனால் ஆக்ஸிலில் உருண்டையாகப் புடைத்திருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் குண்டை இரண்டுமே ஒரு மயிரிழைகூட உயர்த்தாது. அது ஆக்ஸிலோடு இருக்கிறது. பெரிய டயர் போட்டால்தான் உயரும்.

அதனால் காசை எடுக்குமுன் இதைச் செய்யுங்கள். காய்ந்த நாளாகப் பார்த்து வண்டிக்கு அடியில் படுத்து, டிஃபரன்ஷியல் குண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ், சேஸின் குறுக்குச் சட்டம், சக்கர வளைவின் உள்பக்கம் என்று நாலு இடத்திலும் சுண்ணாம்பைக் கெட்டியாகப் பூசுங்கள். வழக்கமான பாரத்தை ஏற்றி வழக்கமான பாதையில் ஒரு முறை போய்வந்து, எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். சக்கர வளைவில் மட்டும் அழிந்திருந்தால் பாடி லிஃப்ட் போதும். சேஸிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ அழிந்திருந்தால் சஸ்பென்ஷன். குண்டில் அழிந்திருந்தால் டயர். ஜிப்ஸியில் 205/70 ஆர்15 அளவு டயரைக் கழற்றி 235/75 ஆர்15 போட்டால் கிடைக்கிற உயரம் சுமார் 33 மில்லிமீட்டர். அந்த டயருக்கு இடம் வேண்டுமென்றுதான் பெரும்பாலும் லிஃப்ட்டே தேவைப்படும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66 போல ஓடும், அதையும் மனதில் வையுங்கள்.

சரி, பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு சோதனை. சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து சக்கர வளைவு விளிம்புவரை டேப் பிடியுங்கள். எனக்குப் பின்பக்கம் இடதைவிட வலது ஒரு இஞ்ச் தாழ்ந்திருந்தது. வருஷக்கணக்காக உரமூட்டை ஏற்றியதில் ஸ்பிரிங் பட்டை வளைவு இழந்து தட்டையாகிவிட்டது. புதுப் பட்டை செட் மாட்டியதும் கம்பெனி உயரம் திரும்ப வந்தது. என் தொந்தரவில் பாதி அதிலேயே தீர்ந்தது. இதை முதலில் செய்திருந்தால் பாடி லிஃப்ட் காசு மிச்சம்!

பாடி லிஃப்ட்டே வேண்டுமென்றால் இரண்டு இஞ்ச்சைத் தாண்டாதீர்கள். எனக்கு முதலில் போட்டுக்கொடுத்த பட்டறையில் தண்ணிக் குழாயை வெட்டித் துண்டு போட்டு வைத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஒன்று நசுங்கிக் கதவு சாத்தவில்லை. கெட்டியான நைலான் அல்லது பாலியூரிதேன் கட்டைதான் சரி. போல்ட் தலையில் 10.9 என்ற வலுத் தரக்குறி பொறித்திருக்க வேண்டும். பழைய போல்ட் துருவேறி ஒடியும், முந்தின இரவே துரு எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் முழுக்கக் கழற்றி, ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவே நீளப் பலகை வைத்து, மெல்ல மெல்லத் தூக்குங்கள். ஒவ்வொரு கால் இஞ்ச்சுக்கும் நிறுத்தி ஸ்டீயரிங் ராடு, கிளட்ச் கேபிள், பெட்ரோல் ஊற்றும் ஹோஸ், எர்த் வயர் இழுபடுகிறதா பார்க்க வேண்டும். ரேடியேட்டர் பாடியோடு மேலே போகும், ஃபேன் இன்ஜினோடு கீழேயே நிற்கும். ஃபேனைச் சுற்றியுள்ள உறையில் இறக்கை உரசும். கியர் லீவரும் ஒரு விரல் குட்டையாகத் தெரியும்.

சஸ்பென்ஷனில் மலிவான வழி நீள ஷாக்கிள், அதாவது ஸ்பிரிங் பட்டையின் நுனியைச் சேஸோடு இணைக்கும் துண்டு. இரண்டு இஞ்ச் நீளமான ஷாக்கிள் போட்டால் ஒரு இஞ்ச்தான் எழும்பும். முன்னால் போட்டால் ஆக்ஸிலின் சாய்வு மாறி, வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. மெட்டு ரோட்டில் அது விளையாட்டல்ல. நான் அதைத் தொடவில்லை. கூடுதல் வளைவுள்ள பட்டையும் அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பரும் வாங்கினேன். மாட்டிய பிறகு சேஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: பிரேக் ஹோஸ் விறைத்தால் நீள ஹோஸ் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடினால் அதன் மூட்டிலுள்ள கிராஸ் சீக்கிரம் தேயும், அதிர்வு காட்டிக்கொடுக்கும்.

ஜிம்னிக்காரர்கள் காயில் ஸ்பிரிங் மாற்றும்போது ஆக்ஸில் ஒரு பக்கம் நகரும், அதை நடுவில் பிடித்துவைக்கும் பேன்ஹார்டு ராடைச் சரிசெய்ய வேண்டும். 2020-இலிருந்து வரும் புது மஹிந்திரா தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், அதிகம் தூக்கினால் ஆக்ஸில் ஜாயிண்ட் அடி வாங்கும். டஸ்டர் மாதிரி தனிச் சேஸ் இல்லாத வண்டிக்குப் பாடி லிஃப்ட் என்ற பேச்சே இல்லை.

சட்டம் நம் பக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் இடமுண்டு. இன்சூரன்ஸும் கைவிடலாம். தேய்ந்த பட்டையைக் கம்பெனி அளவிலேயே புதுப்பிப்பதற்கு இந்தத் தலைவலி இல்லை.

எதைச் செய்தாலும் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் பாடி போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். ஹெட்லைட்டையும் இறக்க வேண்டும், நான் மறந்துவிட்டேன். முதல் நாள் இரவு வளைவில் எதிரே ஏறி வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியே தலையை நீட்டி, என் குடும்பத்தையே விசாரித்துவிட்டுத்தான் போனார்.