ஸ்டீயரிங்கை ஒடித்தால் டக் டக்: பாகம் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வண்டி நேராகப் போகும்போது ஒரு சத்தமும் இல்லை. தெருமுனையில் ஒடித்துத் திருப்பினால் மட்டும் முன்சக்கரத்துப் பக்கம் டக் டக் என்கிறது. இந்தச் சத்தத்தோடு பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் 'ஆக்சில் போச்சு சார்' என்பதுதான். எனக்கும் அதுதான் விழுந்தது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான அந்த ஆக்சிலை மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் போயிருந்தது லிங்க் ராடு என்ற சிறு இணைப்புக் கம்பி, சில நூறு ரூபாய்ச் சாமான்.

இங்கே சொல்வது ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10 போல முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்கு. பழைய ஆம்னி மாதிரி பின்சக்கரம் தள்ளும் வண்டி என்றால் முன்பக்கம் ஆக்சில் சந்தேகமே வேண்டாம், மற்றவை பொருந்தும்.

படி 1: டிக்கியைக் காலி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள். ஜாக்கி அதன் இடத்தில் இறுகாமல் கிடந்தாலே திருப்பத்தில் உருண்டு இடிக்கும். அடுத்து வீல் நட்டுகள். அண்மையில் பஞ்சர் ஒட்டியிருந்தால் ஸ்பானர் போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். லூசாக இருந்தால் இறுக்காமல் வண்டியை ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம். சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கவசம் கிளிப் விட்டுத் தொங்கி டயரில் உரசுகிறதா என்றும் ஒரு பார்வை.

படி 2: காலி மைதானத்தில் வட்டம்

கண்ணாடிகளை இறக்கி, ஏசியையும் பாட்டையும் நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுவதும் ஒடித்து, நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒரு வட்டம். அப்புறம் வலப்பக்கம். கேட்க வேண்டியது சத்தத்தின் தாளத்தை.

சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ப சீராக 'டக் டக் டக்' வந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பலமாகவும் வேகமாகவும் ஆனால், அது ஆக்சிலின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் ஒடிந்த நிலையிலும் அதைச் சுழற்றும் மூட்டு. உள்ளே பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். நேராகப் போகும்போது அவை இருந்த இடத்திலேயே கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும்; ஒடித்தால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடும். பள்ளம் தேய்ந்திருந்தால் அந்த ஓட்டத்தில்தான் சத்தம் வரும். பொதுவாக இடப்பக்கம் திருப்பும்போது வந்தால் வலது ஜாயின்ட்டையும், வலப்பக்கம் என்றால் இடது ஜாயின்ட்டையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

சீரான தாளம் இல்லாமல், மேடு பள்ளத்தில் திரும்பும்போது மட்டும் 'லொடக்' என்றால் ஆக்சிலை விட்டுவிடுங்கள். லிங்க் ராடு, பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழ்க் கையோடு இணைக்கும் குண்டு மூட்டு), டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கின் அசைவை முன்சக்கரத்துக்குக் கொடுக்கும் கம்பியின் முனை) ஆகியவற்றில் ஒன்று.

படி 3: நின்ற இடத்தில்

இன்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்ல இருபுறமும் ஒடிக்க, நீங்கள் பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்ட்டின் மேல், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பாடியோடு சேரும் மேல் முனையில், உள்ளங்கையை வையுங்கள். 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளுவது கையில் தெரிந்தால் மவுண்ட் அல்லது அதன் பேரிங். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே மட்டும் விரலை விடாதீர்கள்.

பிறகு இன்ஜினை அணைத்து, சக்கரம் ஒடிந்திருக்கும் நிலையிலேயே டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்சில் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். அது கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெல்லாம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. லிங்க் ராடையும் கையால் பிடித்து ஆட்டுங்கள். அது துளியும் லொடலொடக்கக் கூடாது.

படி 4: தூக்கிப் பார்ப்பது

சமதரையில், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடவே கூடாது. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது லூஸ் தெரிந்தால் டை ராடு எண்ட். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இவற்றை மாற்றுவது வீட்டில் செய்யும் வேலை அல்ல. ஸ்ட்ரட் மவுண்ட்டும் அப்படித்தான். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே காலி செய்துவிடும்.

லிங்க் ராடு மாற்றுவது

இது நாமே செய்யலாம். முன்சக்கரம் இரண்டையும் தூக்குங்கள். ஒன்றை மட்டும் தூக்கினால், லிங்க் ராடு மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசர் பார் (இரு பக்க சஸ்பென்ஷனையும் சேர்க்கும் கம்பி) முறுக்கிக்கொண்டு, போல்ட் துளைக்கு வராது. சக்கரத்தைக் கழற்றி, மேலும் கீழும் உள்ள இரண்டு நட்டுகளிலும் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். நட்டைத் திருகும்போது உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும்; அதன் முனையில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு ஸ்பானரால் கழற்ற வேண்டும். சிலவற்றில் அதற்குப் பதில் பின்பக்கம் ஸ்பானர் போடும் இடம் இருக்கும். புதியதைப் புது நட்டோடு மாட்டி இறுக்குங்கள். சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

சிவி ஜாயின்ட் என்றால்

பூட் மட்டும் கிழிந்து, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்துவிட்டால் புதுக் கிரீஸ் தேய்ந்த பள்ளத்தை நிரப்பாது. ஜாயின்ட்டையோ முழு ஆக்சிலையோதான் மாற்ற வேண்டும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆக்சில் நட்டு புதியதா, ஆக்சிலை உருவும்போது கொட்டிய கியர் ஆயிலைத் திரும்ப நிரப்பினாரா. வண்டியை எடுத்ததும் வீட்டுக்குப் போகாமல் அதே மைதானத்தில் அதே வட்டத்தை இரண்டு பக்கமும் அடித்துப் பாருங்கள்.